இடது கை வீச்சு

"எடது கை!" என்று நான் கத்துவது எதிர்ப்பக்கத்து டீக்கடை வரைக்கும் கேட்கிறதாம். டீக்கடைக்காரரே சொன்னார். கேட்கட்டும். கேட்க வேண்டிய பதினான்கு பேருக்குத்தான் கேட்டபாடில்லை.

என் பெயர் கோகிலவாணி. படித்தது பிசியோதெரபி. ஈரோட்டில் பெருந்துறை சாலையை ஒட்டி ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான மண்டபம் இருக்கிறது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு அங்கே பதினோரு வருடமாகக் காலையில் உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். இப்போது பாருங்கள், பதினான்கு பேரும் வரிசையாக நடந்து வருகிறார்கள். காலை எடுத்து வைப்பது அழகு. வலது கை முன்னும் பின்னும் வீசுகிறது. திரும்பும் முன் வலது குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டுகிறார்கள். அது என் பழக்கம். பதினோரு வருடம் என்னைப் பார்த்து நடந்ததில் அவர்களுக்கும் தொற்றிக்கொண்டது என்று எனக்கு ஒரு பெருமை. ஆனால் இடது கை மட்டும் விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது. ஒருவருக்கு இரண்டு பேருக்கு என்றால் விட்டுவிடலாம். பதினான்கு இடது கைகளும் அப்படித்தான்.

இந்த நோயில் கால் கெட்டுப்போவதில்லை. 'நட' என்று மூளை போடும் உத்தரவு பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்த உத்தரவைக் குறுக்கு வழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் தொழில். ஆளுக்கு ஒரு சாவி உண்டு, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னியப்பன் அண்ணன் ஈரோடு - சத்தி பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். வாசற்படி வந்தால் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். கோடு போட்டுப் பார்த்தேன், எண்ணிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் பொறுமை போய், விளையாட்டு வாத்தியார்கள் வைத்திருக்கும் விசில் ஒன்றை எடுத்து ஊதி, "போலாம் ரைட்!" என்று கத்தினேன். கால் தானாகக் கிளம்பிவிட்டது. ஃபிலோமினா அக்கா, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு முன்னால் யாராவது காலைக் குறுக்கே நீட்ட வேண்டும். அதைத் தாண்டித்தான் நடப்பார். என் கால் விரல்களை அவர் எத்தனை தடவை மிதித்திருப்பார் என்று கேட்காதீர்கள்.

நான்கு மாதத்துக்கு முன்பு 'அடியொற்றி' வந்தது. என் சாவிகளெல்லாம் மேசை டிராயருக்குள் போயின.

மூளைக்குள் மெல்லிய கம்பி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் சின்னப் பெட்டி. இது பல வருடமாக இருக்கும் வைத்தியம்தான். நடுக்கத்தைக் குறைக்கும். என் வகுப்பில் எல்லாருக்கும் இருந்த அந்தப் பெட்டிக்குள் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள், அதுதான் அடியொற்றி. நிறுவனத்திலிருந்து மிதுனா என்ற பொறியாளர் வந்து விளக்கினாள்.

"நல்லா நடக்கறவங்க ஒருத்தரோட நடையைப் பதிவு பண்ணி, அதையே மாதிரியா வெச்சுப் பெட்டிக்குள்ள போட்டுடுவோம் மேம். இவங்க கால் தயங்குற நேரம் அந்த நடை வந்து கை கொடுக்கும்."

"யாரோட நடை?"

"அதைச் சொல்லக் கூடாது மேம். நடை கொடுத்தவங்க பேரை வெளியில விடக் கூடாதுன்னு விதி."

இது தொடங்குவதற்கு முன்பு ஒருமுறை, ஒன்றரை வருடம் இருக்கும், பல ஊர்களிலிருந்து எங்களைப் போன்ற பயிற்சியாளர்கள் நாற்பது பேரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துத் தலையில் கம்பிகளை ஒட்டி நடக்கவிட்டுப் பதிந்தார்கள். நாற்பது நடையையும் கலந்து ஒரே நடையாக்கப் போவதாகச் சொன்னார்கள். மதியச் சாப்பாடும் ஆளுக்கு ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். கலந்து செய்த அந்தக் கதம்பம்தான் இது என்று நினைத்துக்கொண்டேன்.

பொய் சொல்லக் கூடாது, முதல் நாள் நான் அழுதேன். வாசற்படியில் சென்னியப்பன் அண்ணன் நிற்காமல் உள்ளே வந்தார். விசில் இல்லை, ரைட் இல்லை. ஃபிலோமினா அக்கா என் காலைத் தேடாமலே நடந்தார். மறுவாரமே வகுப்புக்கு வருகிறவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். முப்பத்தொரு பேர் இருந்த வகுப்பு பதினான்கில் வந்து நின்றது. விட்டுப்போனவர்களைப் போனில் கூப்பிட்டால், "நல்லாத்தானுங்க நடக்கறேன், எதுக்குங்க வரோணும்?" என்கிறார்கள். தசை வலு, குரல், சமநிலை, இதெல்லாம் பெட்டிக்குள் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஆற்றைக் கடந்தவனுக்கு ஓடக்காரன் எதற்கு?

அறக்கட்டளைச் செயலாளர் புதிதாக ஒரு விதியைச் சுவரில் ஒட்டினார். பெயர் பதிந்து ஒழுங்காக வரும் நோயாளிகள் பதினைந்துக்குக் குறைந்தால் மாதக் கடைசியோடு வகுப்பு மூடப்படும்.

"மெசினே நடக்க வெக்குதுங்க, நீங்க எதுக்குங்க கஷ்டப்படறீங்க?" என்றார் அன்போடு. அன்போடு சொன்னதுதான் எரிந்தது.

பதினைந்துக்கு ஒரே ஓர் ஆள் குறைவு. தினமும் காலையில் அதைச் சத்தம் போட்டுச் சொல்வதற்கும் ஓர் ஆள் இருந்தார். சென்னியப்பன் அண்ணனுக்குப் பஸ் புத்தி போகவில்லை. எல்லாரும் உள்ளே வந்ததும் வாசலில் நின்று விரலை நீட்டித் தலைகளை எண்ணுவார். "பதினாலுங்க டீச்சர். எடுக்கலாமுங்க." வெந்த புண்ணில் வேல். ஈரோட்டில் எனக்கு ஒரே ஒரு பார்க்கின்சன் நோயாளி கிடைத்தால் போதும் என்று நான் கோயிலில் வேண்டிக்கொள்ளாததுதான் பாக்கி.

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த இடது கை. கை வீசாமல் நடப்பவர் திரும்பும்போது தடுமாறுவார், விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு. இயந்திரத்தின் கண்ணுக்கு இது தெரியவில்லை, என் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே வகுப்பு வேண்டும். இதை எழுதி மூன்று முறை நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: 'உங்கள் மையத்தின் நடைப் பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பயிற்சியாளர் தமது திருத்தும் முறையை மேம்படுத்திக்கொள்ளலாம்.' யாருக்கு யார் பாடம் எடுப்பது!

அந்தக் கோபமெல்லாம் அந்தப் பதினான்கு பேர் தலையில்தான் இறங்கியது. ஒருநாள் சென்னியப்பன் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

"நாலு மாசமாச் சொல்றேன். வலது கை வீசுது, எடது கைக்கு என்ன கேடு? மனசு வெக்க மாட்டீங்களா? நான் என்ன, உங்ககிட்டப் பிச்சையா கேக்கறேன்?"

அறுபத்தெட்டு வயது மனிதர். ஃபிலோமினா அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"வீசறேனுங்க டீச்சர். நாளைக்கு வீசிப்போடறேனுங்க."

வகுப்பு முடிந்ததும் ஃபிலோமினா அக்கா என்னிடம் வந்தார். "கோகிலா, அந்தத் தோளை யார்கிட்டயாவது காட்டினியா?"

எனக்கு இடது தோளில் ஒரு பிடிப்பு இருந்தது. ஸ்கூட்டர் ஓட்டி ஓட்டி வந்தது. தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எனக்கு நானே பயிற்சியும் செய்துகொண்டிருந்தேன்.

"தோள் பிடிப்புக்கு நான் யார்கிட்டக்கா காட்டறது? ஊருக்கே நான்தான் பாக்கறேன். மூணு மாசத்துல சரியாயிரும்."

"போன வருஷமும் மூணு மாசம்னுதான் சொன்னே. நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை..."

"அக்கா, உங்க எடது கையை முதல்ல வீசுங்க. என் தோளை நான் பாத்துக்கறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அப்போது அதுவே போதுமாக இருந்தது.

நான்காவது புகாரில் செய்தித்தாளுக்குப் போவேன் என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டாவது நாளே மிதுனா வந்து இறங்கினாள். மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, நானும் அவளும் மட்டும் மண்டபத்தில் உட்கார்ந்தோம். அன்று காலை பதினான்கு பெட்டிகளையும் அவள் சோதித்திருந்தாள்.

"பெட்டியில கோளாறு இல்ல மேம். வேற மூணு ஊருக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அங்கெல்லாம் ரெண்டு கையும் வீசுது."

"அப்ப என் ஆளுங்க மட்டும் வேணும்னே பண்றாங்களா?"

"இல்ல மேம். ஒருவேளை மாதிரி நடையிலயே..." என்று இழுத்தாள்.

"தொண்ணூத்தேழு மார்க் போட்டீங்களே?"

"அது மாதிரியோட எவ்வளவு ஒத்துப்போகுதுங்கற மார்க் மேம். மாதிரி சரியா இருக்கான்னு பார்க்கற மார்க் இல்ல."

நான்கு மாதம் கழித்துச் சொல்கிறாள். "எடுங்க அந்த மாதிரியை," என்றேன்.

தயங்கித் தயங்கி மடிக்கணினியைத் திறந்தாள். முகம் இல்லை, உடம்பு இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் ஆன ஓர் உருவம் நடந்து வந்தது. குழந்தைகள் போடும் குச்சிப் பொம்மை மாதிரி. நான் நாலு அடி பார்த்தேன். எனக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! வலது கை வீசுது, எடது கை தொங்குது. இந்த ஆளைப் போய் எப்படிங்க நல்லா நடக்கற ஆள்னு எடுத்தீங்க?"

"மேம்..."

"இந்த ஆளுக்கே நோய் இருக்குங்க! பதினோரு வருஷமா நான் இதைத்தான பாக்கறேன்? இது ஆரம்பக் கட்டம். எடது பக்கம் தொடங்கியிருக்கு. நடுக்கம்கூட வந்திருக்காது. தோள் வலின்னு சொல்லிட்டு எங்கயாவது தைலம் தேச்சுக்கிட்டு இருப்பாங்க. மொதல்ல அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. எங்களைத் திருத்த வந்துட்டீங்க..."

ஜெயித்துவிட்டேன். நான்கு மாத எரிச்சல் அந்த ஒரு நிமிடத்தில் இறங்கிப் போனது. செயலாளரின் முகம் எப்படிப் போகும் என்று கூட நினைத்துப் பார்த்துவிட்டேன். மிதுனா திரையை மூடப் போனாள். அதற்குள் அந்த உருவம் அறையின் கோடிக்குப் போய்விட்டது. திரும்பும் முன் வலது குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டியது.

நான் உட்கார்ந்தேன்.

மிதுனா என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "நாப்பது பேரையும் கலந்து செஞ்ச நடை யாருக்குமே ஒத்துக்கல மேம். யாரைப் பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கா நடந்தாங்களோ, அவங்க நடையைத்தான் மூளை தன்னோடதுன்னு எடுத்துக்குது. அதனால ஒவ்வொரு ஊருக்கும்... பேரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல மேம்."

"சொல்ல வேண்டாம்," என்றேன்.

"வேற ஊர்ப் பயிற்சியாளர் நடையை ஏத்திப் பார்க்கலாம். இவங்க மூளை ஏத்துக்குமான்னு தெரியல. ஏத்துக்கவும் ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இந்த மாதிரியை நான் நிறுத்தியாகணும். தெரிஞ்ச பிறகு ஓடவிட முடியாது. இன்னிக்குச் சோதிச்ச பதினாலு பெட்டியை இங்கிருந்தே நிறுத்திடலாம், வகுப்பை விட்டுப் போனவங்களைத் தேடிப் பிடிச்சு நிறுத்தத்தான் பத்து நாள் ஆகும்."

"நிறுத்துங்க." மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். "எனக்கே ஒருநாள் இந்தப் பெட்டி வெக்க வேண்டி வந்தா, யாரோட நடையைப் போடுவீங்க?"

அவள் யோசித்தாள். நல்ல பெண், பொய் சொல்ல வராது. "உங்க மூளை ஏத்துக்கறது உங்க நடையாத்தான் இருக்கும் மேம்."

அன்று மதியம் நரம்பு மருத்துவரிடம் போனேன். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். வலது கை படபடவென்று தட்டியது. இடது கை பத்தாவது தட்டில் சிறுத்து, பதினைந்தாவதில் நின்றது. பல நூறு பேரிடம் நான் செய்து பார்த்த அதே சோதனை. அவர் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னார். ஸ்கூட்டரை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு வீடு வரைக்கும் நடந்தேன். வழியில் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் என் இடது கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊரையே திருத்தியவள் ஒரு கண்ணாடி பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை மண்டபத்து வாசலில் ஒரே நெரிசல். மாதிரியை நிறுத்திவிட்டதால் பதினான்கு பேரின் கால்களும் பழைய நிலைக்குப் போயிருந்தன. மகன்களும் மருமகள்களும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு என்னை முறைத்தார்கள். சென்னியப்பன் அண்ணன் வாசற்படிக்கு முன்னால் ஆணி அடித்த மாதிரி நின்றார். அவருக்குப் பின்னால் ஆறு பேர். நான் டிராயரைத் திறந்து விசிலைத் தேடி எடுத்தேன். "போலாம் ரைட்!" கால் நகர்ந்தது. ஃபிலோமினா அக்காவுக்குக் குறுக்கே காலை நீட்டினேன். மிதித்துக்கொண்டு வந்தார். எல்லாரும் உள்ளே வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முன்னால் நின்று சொன்னேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"உங்க கை வீசாததுக்கு நீங்க காரணமில்ல. உங்க பெட்டியில இருந்தது என் நடை. எனக்கு இந்த நோய் வந்திருக்கு. நேத்துதான் தெரியும்."

யாரும் அதிரவில்லை. ஒருத்தர்கூட 'ஐயோ' என்று சொல்லவில்லை. பதினான்கு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இந்த நோய் முகத்தை இறுக்கிவிடும், அதனால் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

ஃபிலோமினா அக்காதான் வாயைத் திறந்தார். "ஒரு வருஷத்துக்கு மேலயே தெரியும் கோகிலா. எங்களுக்குத் தெரியாதா? நீ எடது கையால வருகைப் பதிவு எழுதற எழுத்து எறும்பு மாதிரி ஆனது, டீக்கடையில பால் கருகினப்ப எங்களைக் கூட்டிட்டு வந்தவங்க மூக்கைப் பொத்தியும், எங்களை மாதிரியே உனக்கும் வாசம் தெரியாதது... உங்கிட்ட மூணு தடவை ஆரம்பிச்சேன். நீ தோள்னே. அப்புறம் விட்டுட்டேன். சுயநலம்தான். எனக்கு இந்த நோயோட பேரைச் சொன்னப்ப நான் ஒரு வருஷம் வீட்டை விட்டு வெளியில வரல. நீயும் அப்படி உக்காந்துட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

"நாலு மாசமா உங்களத் திட்டினனே! கை கை கைன்னு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" நான் கத்தியது நிச்சயமாக டீக்கடைக்குக் கேட்டிருக்கும். கோபம் எனக்கு நிஜமாகவே வந்தது. ஒரு வருட வைத்தியம் போயிருக்கிறது. அது அன்பா, துரோகமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

சென்னியப்பன் அண்ணன் குரல் மெல்ல வந்தது. இந்த நோயில் குரலும் அடங்கிப் போகும். "நீங்க எடது கைய வீசுங்க வீசுங்கன்னு கத்தறப்ப, எங்களச் சாக்கு வெச்சு உங்களுக்கே சொல்லிக்கறீங்கன்னு நெனச்சோமுங்க டீச்சர். சொல்லிக்கட்டும்னு உட்டுட்டோமுங்க."

மேசைக்குப் போய், செயலாளருக்குக் கொடுக்க வேண்டிய மாதக் கடைசிப் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூடிவிடட்டும். எல்லாவற்றையும் மூடித் தொலையட்டும். முதல் வரி: 'பெயர் பதிந்து வரும் நோயாளிகள் எண்ணிக்கை.' பதினான்கு என்று எழுதினேன். ஃபிலோமினா அக்கா சொன்னது சரிதான், எறும்பு எழுத்துதான்.

பின்னால் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் அண்ணன் மேசை வரைக்கும் வந்திருந்தார். அரை அரை அடியாக, விசில் இல்லாமல், எப்படி வந்தார் என்று தெரியவில்லை. மேசைமேல் கிடந்த விசிலை எடுத்துக்கொண்டார். படிவத்தைக் குனிந்து பார்த்தார்.

"தப்புங்க டீச்சர்," என்றார்.

மண்டபத்தைப் பார்த்துத் திரும்ப அவருக்கு அரை நிமிடம் பிடித்தது. நடுங்கும் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். ஒருத்தரையும் விடவில்லை. தன்னையும் நெஞ்சில் தொட்டு எண்ணிக்கொண்டார், பதினாலு. பிறகு அந்த விரல் என் பக்கம் வந்து நின்றது.

"பதினஞ்சு."

சுவரில் ஒட்டியிருந்த விதியைப் போய்ப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். வகுப்பெடுப்பவரே நோயாளியாகப் பெயர் பதிந்துகொள்ளக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. திரும்பி வந்து பதினான்கை அடித்தேன். பக்கத்தில் பதினைந்து என்று எழுதினேன், முடிந்த மட்டும் பெரிய எழுத்தில். கை வலித்தது.

"வரிசையில நில்லுங்க டீச்சர்," என்றார் சென்னியப்பன் அண்ணன். நான் முன்னால் போகாமல் நடு வரிசையில், ஃபிலோமினா அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முன்னால் என் காலைக் குறுக்கே நீட்டினேன். அவர் விசிலை ஊதினார். "போலாம் ரைட்!"

பத்தடி போயிருக்க மாட்டோம்.

"எடது கை, டீச்சர்!"

எனக்கு எரிச்சலாக வந்தது. வீசினேன்.